கந்தம்மாளின் முடிச்சு

எனக்கு நூல் வீணாவது பிடிக்காது. பொட்டலம் கட்டி வந்த நூலைக்கூட ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பேன். பிள்ளைகள் பூக்கட்ட உதவும். சேலத்தில் இந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தைப் பதினாறு வருடம் அப்படித்தான் நடத்தினேன். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. விசாரிக்க வந்த நீங்கள் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சௌந்திரம் எழுபத்தெட்டில் வந்தாள். பன்னிரண்டு வயது. தகப்பன் குடித்துவிட்டு அடித்ததில் இடது காது சரியாகக் கேட்காது. அவன் செத்த பிறகு, வெண்ணந்தூரில் தறி நெய்யும் தாய் கந்தம்மாள் கொண்டுவந்து விட்டாள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பார்க்க வருவாள். அதுதான் தொல்லை. வியாழக்கிழமையே பிள்ளைக்கு வயிற்றுவலி தொடங்கும். நகத்தை ரத்தம் வரக் கடிப்பாள். தாய் போன பிறகு மூன்று நாள் படுக்கையை நனைப்பாள். அஸ்தம்பட்டி டாக்டர், "மனசைக் கலைக்காம பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொண்டேன்.

தாயிடம், "உன்னைப் பாக்க மாட்டேங்கறா" என்றேன். பிள்ளையிடம், "உங்கம்மா வரலை சாமி" என்றேன்.

கந்தம்மாள் கேட்டைப் பிடித்தபடி சற்று நின்றாள். "கோவமுங்களா? இருக்கட்டுங்க. இதையாச்சும் குடுத்துப்போடுங்க." எள்ளுருண்டைப் பொட்டலம். தறியில் மிஞ்சிய நூலால் கட்டியிருந்தாள். அறுந்த இழையைச் சேர்க்க நெசவுக்காரர் போடும் முடிச்சு, கடுகளவுதான் இருக்கும், அவிழாது. முடிச்சோடு நூலை அப்படியே நழுவவிட்டு டப்பாவில் போட்டேன். இரண்டு வருடம் மாதம் தவறாமல் கொண்டுவந்தாள். உருண்டைகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டேன். சௌந்திரத்துக்கும் ஒன்று உண்டு.

முதலில் சில மாதம் அவள் கேட்டருகே போய் நின்றாள். பிறகு நிற்கவில்லை. வயிற்றுவலி நின்றது, அழுகை நின்றது, சிரிப்பும் நின்றது. ஆய்வுக்கு வந்தவர்கள் எவ்வளவு அடக்கமான பிள்ளை என்றார்கள். என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். நான் கேட்டு வாங்கவில்லை.

போன மாசியில் கந்தம்மாளின் பக்கத்துத் தறிக்காரர் கைலாசம் வந்தார். "கந்தம்மா படுத்த படுக்கைங்க. ஒருக்கா புள்ளையக் கண்ணுல காட்டுங்க." பரீட்சை நேரம். திருப்பி அனுப்பினேன். பங்குனியில் அவரே வந்து சாவுச் செய்தி சொன்னார். பரீட்சை இன்னும் முடிந்திருக்கவில்லை.

சித்திரையில், பூக்கட்ட உட்கார்ந்த சௌந்திரம் டப்பாவை மடியில் கவிழ்த்தாள். ஒவ்வொரு நூலாக விரலால் தடவினாள்.

"ஏனுங்கம்மா, இதெல்லாம் எங்கம்மா முடிச்சுங்க. வந்துட்டுத்தான் இருந்துச்சுங்களா?"

அவள் மடியில் கிடந்த நூலைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அவள் சிரித்தாள்.

இரண்டாவது ஞாயிறு காலையிலேயே தலைவாரிக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. மாலை நான்கு மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை, நானும் கல் இல்லை. முகம் கழுவிவரச் சொல்லி உள்ளே அனுப்பினேன். கடையில் எள்ளுருண்டை வாங்கி, டப்பாவிலிருந்த அதே தறி நூலால் கட்டி வைத்திருந்தேன்.

"இப்பத்தான் வந்துட்டுப் போறா சாமி. கடைசி பஸ்ஸுன்னு நிக்கலை."

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முடிச்சைத் தொட்டாள்.

"இது எங்கம்மா போட்டதில்லீங்க." பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா செத்துப்போச்சுங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகக் கஞ்சி இறங்குகிறது என்கிறார்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து நாளாக மிச்ச நூலில் பழகிப் பார்க்கிறேன். இப்போது அந்த முடிச்சு எனக்கு நன்றாக வருகிறது. அன்றைக்கே வந்திருந்தால் பிள்ளை நிம்மதியாக இருந்திருப்பாள்.