கை வைத்தவன் சீட்டு

சர்வீஸ் நாளில் நான் காலையில் சாப்பிடுவதில்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கிறவனுக்கு வயிறு நிறைந்திருந்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் மதியச் சாப்பாட்டை என் தங்கை தூக்குவாளியில் கொண்டுவருவாள். அன்றும் கொண்டுவந்தாள்.

நான் எதையும் அறுக்கவில்லை, சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஆயில் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கிரீஸ் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் வைத்தேன். பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது பிரேக் லைனிங் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. புது லைனிங் பெட்டியோடு பக்கத்திலேயே இருந்தது. நான் பழையதின் மேலேயே டிரம்மை மாட்டினேன். சமதரையில் அது பிடிக்கும். பாரத்தோடு பட்டறைக்குக் கீழே இருக்கிற சரிவில் இறங்கினால் பிடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

வண்டி ஓட்டுகிறவன் என் தங்கையின் கணவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். வாய்தான் கொஞ்சம் நீளம். பட்டறையில் நாலு பேர் நிற்கும்போது ஒருநாள், "மச்சானுக்கு எதுக்குப்பா பொண்ணு தேடறீங்க? ஒரு கிரீஸ் டப்பாவக் கட்டி வச்சிட்டா போதும், சந்தோஷமா குடும்பம் நடத்துவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் தூக்குவாளியோடு நின்றிருந்த என் தங்கையும் சிரித்தாள். தாயும் தகப்பனுமாக இருந்து நான் வளர்த்த பெண். பிறகு, வேறு ஊருக்குக் குடி போகிறோம் என்று அவளே வந்து சொன்னாள். அவன் இல்லாவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள், அவள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கில் கை வைத்தவன், முதல் பாரம் இறங்கும்வரை ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். தன் உயிரும் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் ஏனோதானோவென்று வேலை பார்க்க மாட்டார்கள். ஜல்லி ஏற்றிக்கொண்டு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது.

"ஏறுங்க மச்சான்."

"இடுப்பு புடிச்சிக்கிச்சு மாப்ள. நீ போயிட்டு வா."

"அட, நீங்க வராட்டி என்ன? உங்க கை பட்டாச்சு, அது போதும்."

தங்கை தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். "அண்ணன் சீட்டு சும்மாதானே கெடக்கு. நான் கீழ கடைத்தெருவுல இறங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான்தான் வெளியிலிருந்து தள்ளிச் சாத்தினேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவள என்னால காப்பாத்த முடியல மச்சான். நல்லவேளை, நீங்களாவது ஏறல." அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து போனேன்.

அவளை இறக்கிவிட நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். நேரம் இருந்தது, சார். வாசலைத் தாண்டித் திரும்பும்வரை வண்டி மெதுவாகத்தான் போனது. இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். ஏண்ணா என்று கேட்டிருப்பாள். ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவன் மட்டும் போய் விழுந்த சேதி வந்ததும் அவளுக்குப் புரிந்துபோயிருக்கும். அதற்கப்புறம் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா?

அவளுக்காகச் செய்தேன் என்று சொன்னேனே, அதை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

வண்டி திரும்பியதும் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். பசி. சரிவில் ஹாரன் விடாமல் அடித்தபோது என் வாயில் அவள் சமைத்த சாப்பாடு இருந்தது. மென்று விழுங்கிவிட்டுத்தான் ஓடினேன்.