ஒரே தாளம், ஆறு புருஷன்மார்

எனக்குக் கொஞ்சம் இசை ஞானம் உண்டு. இத்தனைக்கும் காரணம் அதுதான். ரிபாய் பாய், வளைகுடாவுக்குப் பிழைக்க வந்து ரோலாவில் நாம் ஆறு பேர் தங்கியிருக்கும் இந்த அறைக்கு மூத்தவர் நீங்கள். அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் கேட்கட்டும். பன்னீர்செல்வம் அந்தச் செருப்பைக் கீழே வைத்தால் நிதானமாகச் சொல்வேன்.

நான் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே காவலுக்கு இருக்கும் உகாண்டாக்காரர் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் பாட்டுத் தொகுப்பு ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். முழுக்க ஒரே தாளம். அதை ரிதிம் என்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பாடகர் வந்து, அந்தத் தாளத்தின் மேலேயே தன் சொந்தக் கதையைப் பாடிவிட்டுப் போகிறார். எனக்கு இது புதிதாகவே படவில்லை. நம் அறையில் தினமும் நடப்பதுதானே.

டூட்டி முடிந்து வந்ததும் ஆளாளுக்கு ஒரு மூலையில் போனோடு உட்காருகிறீர்கள். "சாப்பிட்டியா? புள்ள படிக்குதா? இங்க வெயில் கொளுத்துது. அடுத்த மாசம் லீவு கேக்குறேன்." குரல்தான் வேறு. அந்த லீவு வரியைப் பல்லவியாக வைத்தால் தொகுப்பு தானே அமைந்துவிடும் என்று தோன்றியது. செருப்பு அலமாரியில் போனை வைத்துப் பதிவு செய்தேன். திருட்டு என்று சொல்லாதீர்கள். எல்லார் காதிலும் விழுவதைத்தான் போனிலும் விழ வைத்தேன். பாய், உங்கள் பெருமூச்சு சுதி பிசகாமல் இருந்தது.

ஆறு குரலையும் ஆள் தெரியாத அளவுக்கு ஒரே சுதிக்கு இழுத்து, அந்தத் தாளத்தின் மேல் ஏற்றினேன். முதல் பாட்டு என்னுடையது. "ம். சரி. வை." என் வீட்டுக்காரி ஜலஜாவிடம் நான் அவ்வளவுதான் பேசுவேன். மூன்றாவது வேலுச்சாமி. அவர் மட்டும் இடையில், "ஒன் குரலக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது" என்றார். தாளத்துக்கு இடைஞ்சல்தான். போகட்டும் என்று விட்டுவைத்தேன்.

பெருநாள், பொங்கல் வாழ்த்துக்காக நம் வீட்டுப் பெண்களையும் சேர்த்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தத் தொகுப்பு கைதவறிப் போனதாக நேற்று சொன்னேன். கைதவறவில்லை. "மத்தவங்க புருஷன்லாம் எவ்வளவு ஆசையாப் பேசுறாங்க" என்று ஜலஜா குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுதான் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் அனுப்பினேன். அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. "ஆறு பேரும் ஒரே வாத்தியார்கிட்டயா படிச்சீங்க?" என்று உங்கள் ஹபீபுன்னிசா கேட்டதும், மீனாம்பாள் பன்னீர்செல்வத்தை பிளாக் செய்ததும் அவரவர் குடும்ப விஷயம்.

ஜலஜா எனக்குத் தனியாக எழுதினாள். "மொதல்ல உம்முனு ஒருத்தன் பேசுறானே, யாரு அது? அவன் பொண்டாட்டி பாவம். மூணாவது நீங்கதானே? கேட்டு அழுதுட்டேன்."

ஆமாம் என்று பதில் போட்டேன்.

அறையைக் காலி செய்யச் சொல்கிறீர்கள், செய்கிறேன். நியாயம்தான். ஆனால் நாளைக்கு அவள் கூப்பிடுவாள் பாய். போகும் இடத்துக்கு வேலுச்சாமியை மட்டும் என்னோடு அனுப்பி வையுங்கள்.