பேர் தெரியாத முதுகு

மனைவி: ...அந்த ஒண்ணை மட்டும் எடுத்து வெச்சிருங்களேன்.

கணவர்: எதை?

மனைவி: அந்த முதுகுப் படத்தை. நீங்க ஆயுசு பூரா சேர்த்த அச்சுப் படம், கோட்டோவியம், அந்த நொண்டிக் கழுதைப் படம்... எல்லாம் மியூசியத்துக்குப் போகட்டும். அது மட்டும் வேண்டாம்.

கணவர்: அட, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!

மனைவி: நீங்களா? உங்களுக்கென்ன வந்துச்சு?

கணவர்: இல்ல... ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு. உனக்கென்ன?

மனைவி: எனக்கு... சுவர் வெறிச்சுனு ஆயிடுமே.

கணவர்: எந்தச் சுவர்? அது பீரோவுக்கு அடியிலதானே கிடந்துச்சு!

மனைவி: அப்போ பீரோ வெறிச்சுனு ஆயிடும்!

மியூசியத்துப் பெண்: சார், வண்டி வந்தாச்சு. முதுகுப் படத்தைத் தனியா அட்டை வெச்சுக் கட்டிட்டேன். எங்க இயக்குநர் அதைத்தான் வாசல்ல பேனரா வைக்கணும்கிறார். மாடி உயரத்துக்கு!

மனைவி: ஐயையோ!

கணவர்: ஐயையோ!

மியூசியத்துப் பெண்: ஏன் ரெண்டு பேரும்...

கணவர்: வரைஞ்சது யாருன்னே தெரியாதேம்மா. கையெழுத்துகூட இல்ல.

மியூசியத்துப் பெண்: அதானே சார் அழகு! 'வரைந்தவர் தெரியாது, பெண் யாரோ'ன்னு போட்டா ஊரே வந்து எட்டிப் பார்க்கும். கீழ இருக்கேன், யோசிச்சுச் சட்டுனு சொல்லிடுங்க.

மனைவி: ...போயிட்டாளா?

கணவர்: போயிட்டா. நீ ஏன் திருட்டு முழி முழிக்கிறே?

மனைவி: சிரிக்கக் கூடாது.

கணவர்: சிரிக்கல.

மனைவி: இப்பவே சிரிக்கிறீங்க!

கணவர்: சரி சரி... சொல்லு.

மனைவி: கல்யாணத்துக்கு முன்னாடி, கைச்செலவுக்காக... வீட்டுக்குத் தெரியாம ஓவியக் கல்லூரிக்குப் போவேன். அசையாம உட்காரணும். பசங்க பார்த்து வரைவாங்க. அது... என் முதுகுங்க.

கணவர்: ம்... அப்புறம்?

மனைவி: கோபமா? ஏதோ பழைய கடையில வாங்கினேன்னு கொண்டு வந்து நீட்டுறீங்க, 'எப்படி இருக்கு'ன்னு வேற! எனக்கு உசுரே போயிடுச்சு. எவன் வரைஞ்சானோ பாவி, ஒரு மச்சம்கூட விடல!

கணவர்: பாவியா?

மனைவி: பின்ன? அத்தனை பேரும் ஒழுங்கா முன்னாடி உட்கார்ந்து முகத்தை வரைஞ்சாங்க. இவன் ஒருத்தன் மட்டும் எதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சானாம்?

கணவர்: முன்னாடி உட்கார்ந்தா நீ என்னைப் பார்ப்பியே... அப்புறம் எனக்குக் கோடு நேரா வருமா?