பாதியில் கரையேறியவர்

கோபாலபுரத்தில் பஸ் ஏறிய இரண்டு அம்மாக்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்ததும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"அன்னிக்கு நீ பாதியில கரையேறாம இருந்திருந்தா எனக்கு ரயில்வே வேலையே கெடச்சிருக்காது புள்ள."

பக்கத்தில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்னத்தக் கண்டேன்? எலப்புள்ளியில எங்க தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழகினவ. நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல்னா போயிட்டுத் திரும்பி வரோணும்னு ஒருத்தரும் சொல்லல. அக்கட்டச் செவுத்த மொதல்ல தொட்டேன், ஏறிட்டேன்."

"ஏறினது மட்டுமா? எல்லாரும் தண்ணிக்குள்ள குதிக்கச் சொல்லிக் கத்தறாங்க, நீ கையாட்டிட்டு நிக்கற!"

"ஜெயிச்சதுக்குத்தான் கத்தறாங்கன்னு நெனச்சேன்டி."

"அந்தக் கப்பு எனக்கு வந்துச்சு. அப்பறம் ஸ்டேட்டு, நேஷனலு, வேலை. இப்ப ரிட்டயரும் ஆயாச்சு. ஒவ்வொரு மெடல் வாங்கறப்பவும் உன்ற நெனப்புதான் வரும்."

தோட்டக்காரம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஒரு வளைவு திரும்பியது.

"அதுக்குத்தான் உன்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கெணறு நெறஞ்சு கெடக்குது. மறுபடியும் போட்டி வெச்சுப் பாத்துருவோம்."

"கெணத்துல எங்க புள்ள நூறு மீட்டர்?"

"மீட்டரெல்லாம் வேண்டாம். இந்தத் தடவ யாரு மொதல்ல கரையேறறாங்களோ, அவங்க தோத்தாங்க."