பதினோராவது வீடு

அட, அவருக்குத்தானே டீச்சர் நானும் ஓட்டு கேட்டு லயம் லயமா ஏறி எறங்குனேன், மரியரட்ணம் சாருக்கு. நீங்க தோட்டத்துக்குப் புதுசு, ஒங்களுக்குத் தெரியாது. கத்த மாட்டாரு, யாரையும் ஏச மாட்டாரு. கூப்பிட்டா மழைன்னும் பாக்காம வந்து நிப்பாரு. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க.

மெல்லப் பேசுவோம், போலீஸ்காரர் பாக்குறாரு. இந்த ஓட்டு வரிசையும் அசைய மாட்டேங்குதே.

பிரதாப்பா? சார எதுத்து நிக்கிற அந்தத் தம்பி பேசுனா நமக்கே ரத்தம் சூடாயிரும். எங்க லயத்துல வரிசையா ஒட்டி இருக்குற இருவது வீட்டுக்கும் கூரைத் தகரம் தந்தாத்தான் கொழுந்து எடுப்போம்னு ரோட்டுல ஒக்கார வெச்சிச்சு. ஒக்காந்தோம். மூனாம் நாளு மரியரட்ணம் சார் தொரைகிட்ட பேசி, பத்து வீட்டுக்கு வாங்கிட்டு வந்தாரு. மொதல்ல இத வாங்கிக்குவோம், மிச்சத்தப் பொறவு கேப்போம்னாரு. எந்திரிச்சிட்டோம். ரெண்டு வருசமாச்சு, அந்தப் பொறவு இன்னும் வரல.

தப்புன்னு சொல்லலீங்க. ஒன்னும் இல்லாததுக்குப் பத்து பெருசுதான். இன்னும் ரெண்டு நாள் ஒக்காந்திருந்தா அந்தப் பத்தும் போயிருக்குமோ என்னமோ. இல்ல, இருவதும் வந்திருக்குமோ? கொழுந்து எடுக்கையிலயும் இதே ரோசனதான், மண்டையக் கொடையுது.

எங்க வீடா? பதினொன்னாவது. ஆமாங்க. நேத்து மழைக்குக்கூட நாலு சட்டி வெச்சேன்.

அதனாலதான் வாயத் தொறக்க முடியல. நான் சங்கத்துல தலைவி வேற. அவரு வேணாம்னு நான் சொன்னா, இவ வீடு ஒழுகுது, அதான் இவளுக்கு எரியுதும்பாங்க. அந்தப் பயத்துலயே எல்லாரையும் விட சத்தமா அவருக்கு ஓட்டு கேட்டேன். சத்தியம் வாங்குற ரோசனையும் என்னோடதுதான். சாருக்குத் தெரியாது, தெரிஞ்சா வேணாம்னுருப்பாரு. மாரியம்மன் கோயில் தட்டுல கற்பூரத்தக் கொளுத்திக்கிட்டு வீடு வீடா போனேன். அவருக்குத்தான் ஓட்டுன்னு பத்தொம்பது வீடும் கையடிச்சு சத்தியம் பண்ணிச்சு. வேதக்கார டெல்சி கழுத்துச் சிலுவையத் தொட்டா. ஒழுகுற வீட்டுக்காரங்களும்தான் டீச்சர், என் மூஞ்சிக்காக.

இந்தா, அடுத்தது நாமதான். ஐடி கார்ட கையில எடுத்துக்குங்க.

என்னங்க? நானா?

நான் எங்க கையடிச்சேன். ரெண்டு கையிலயும் தட்டுல்ல இருந்துச்சு. எனக்கு யாரும் தட்டு நீட்டலயே டீச்சர். கொஞ்சம் வழி விடுங்க, கூப்பிடுறாங்க.