மூக்குத் தெரிந்தால் படு

என் கையெழுத்து மோசம். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியதற்கு இல்லை.

ஓடுகிறேன். மணல் காலை இழுக்கிறது. பின்னால் விமானச் சத்தம். தூரத்தில் அது வண்டு. கிட்ட வந்தால் தையல் மெஷின். குத்தி இறங்கும்போது மரம் அறுக்கும் வாள். இப்போது வாள். அக்கா கத்துகிறாள்.

"மூக்குத் தெரியுது! படுங்கோ!"

படுத்தேன். வாய் நிறைய மணல். தலைக்கு மேல் சர்ரென்று ஒன்று போனது. கரை அதிர்ந்தது. சூடான மணல் முதுகில் கொட்டியது.

தொண்ணூறாம் ஆண்டு. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. மன்னார்க் கரை. எனக்குப் பதினான்கு வயது. ஐயாவோடு, அதாவது அப்பாவோடு, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று ஐயாவுக்குக் காய்ச்சல். அதனால் கரையில் நின்றேன்.

அந்த விமானத்தை நாங்கள் சியாமாசெட்டி என்போம். சின்னது. மூக்கில் ஒரு விசிறி சுற்றும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பழகுவதற்காகச் செய்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். இறக்கைக்குக் கீழே ராக்கெட்டைக் கட்டினால் அதுவே அடிக்கிற விமானம். என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். பயிற்சி விமானம் என்று போட்டிருக்கிறது. எஞ்சின், வேகம், எடை எல்லாம் போட்டிருக்கிறது. எங்கள் கரையைப் போடவில்லை. அதனால் நான் போடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கு முன் பல நாள் அது காலையில் வந்தது. வள்ளங்களுக்கு மேல் சுற்றியது. குத்தி இறங்கியது. ஏறிப் போனது. சுடவில்லை. முதல் நாள் எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். பனங்குற்றி அடுக்கி மண் மூடிய குழி அது. இரண்டாம் நாளும் ஓடினோம். பிறகு அலுத்துவிட்டது. மீன் வெயிலில் கிடந்தால் அழுகும். உப்புப் போட வேண்டும். வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியார் வேலுப்பிள்ளை சொன்னார், உது பழக வந்த பிளேன், எங்களுக்கு ஒன்றும் செய்யாது என்று. நாங்களும் நம்பினோம். பிள்ளைகள் அதற்குக் கை காட்டினார்கள்.

அக்கா நம்பவில்லை. பழகுகிறவன் எதற்காகப் பழகுகிறான் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவள் காதில் போடவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினாள். விமானம் மூக்கு காட்டும் பக்கம்தான் சுடும். அதனால் மூக்குத் தெரிந்தால் படு. வயிறு தெரிந்தால் அது உன்னைத் தாண்டிவிட்டது. திரும்ப நேரம் எடுக்கும். எழும்பி ஓடு. இவ்வளவுதான் பாடம். ஒருவர் மட்டும் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது அவள்.

பார்த்துச் சொல்கிறவர் எப்போது படுப்பது? அதை அவள் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் அக்கா நிற்கிறாள். பாவாடையை இடுப்பில் செருகியிருக்கிறாள். கை கண்ணுக்கு மேல்.

"வயிறு! ஓடுங்கோ!"

ஓடுகிறோம். கருவாட்டுப் பாய்கள் எரிகின்றன.

"மூக்கு! படுங்கோ!"

படுத்தோம். வெடித்தது. எழுந்தோம். பங்கர் வாய் தெரிந்தது. பிள்ளைகள் உள்ளே விழுந்தார்கள். நான் கடைசி. மூன்றாம் முறை வாள் சத்தம் கேட்டது. அக்காவின் சத்தம் கேட்கவில்லை.

ராமேசுவரத்துக்கு வந்தோம். மண்டபம் அகதி முகாம். பிறகு கும்மிடிப்பூண்டி முகாம். ஐயாவும் அம்மாவும் இங்கேதான் இறந்துபோனார்கள். நான் இரும்பு உருக்கும் ஆலையில் பழைய இரும்பு பிரிக்கிறேன். அதிகம் பேச மாட்டேன். பேசினால் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

விசிறி விமானச் சத்தம் கேட்டால் படுத்துவிடுவேன். உடம்பு என்னைக் கேட்பதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கமிருந்து எப்போதாவது ஒன்று தாழ்வாக வரும். ஒருநாள் பக்கத்தில் நின்ற பாபுவையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். பாபு கிரேன் ஓட்டுகிறவன். புதுவாயல்காரன். கையிலிருந்த டீ சட்டையெல்லாம் ஆகிவிட்டது.

"இன்னா நைனா, என் டீயப் பூரா ஊத்திட்ட. அது பழகுற பிளேன். ஒன்னும் பண்ணாது."

அதே பேச்சு. வேறு ஊர். அன்றிலிருந்து என்னைக் கண்டால் ஆலையில் எல்லோரும் வாயால் விமானம் ஓட்டினார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அடுத்த முறை படுத்தபோது மேஸ்திரி எல்லோர் முன்னும் சொன்னார்.

"இன்னொரு தபா படுத்தின்னா ஊட்டுக்குப் போய்ப் படு. இங்க வேலை இல்ல."

மகளுக்குப் படிப்பு இருக்கிறது. இந்த வேலையை விட்டால் வேறு வேலை எளிதில் கிடைக்காது. ஆனாலும் வாய் திறந்தது. எனக்கே ஆச்சரியம்.

"நான் படுப்பன். வேலை போனால் போகட்டும். படுத்தபடியால்தான் இருக்கிறன்."

பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னேன். மூக்கு, வயிறு, வள்ளம் எல்லாம். இரும்பின் மேல் உட்கார்ந்து கேட்டார்கள். மேஸ்திரி திரும்பிப் போய்விட்டார். என் பெயரை வெட்டவில்லை.

போன மாசியில் மறுபடி வந்தது. நான் படுத்தேன். பாபு படுக்கவில்லை. கண்ணுக்கு மேல் கை வைத்து அண்ணாந்து நின்றான்.

"வயிறுதான் நைனா தெரியுது. நீ எந்திரி. நா பாத்துக்கினு கீறேன்."

விமானம் வளைந்தது. திரும்பி எங்களை நோக்கி வந்தது. அவன் இன்னும் நிற்கிறான். கை கண்ணுக்கு மேல். எனக்கு அந்த வள்ளம் தெரிந்தது. கத்தினேன். ஆலை முழுக்கக் கேட்டது என்றார்கள்.

"நீயும் படுடா!"

அன்று அவன் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். சீக்கிரம் கிளம்ப வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான். துருவும் எண்ணெயும் கிடந்த தரையில் என் பக்கத்தில் படுத்தான். விமானம் போனது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"நீயுமாடா?"

"ஆமா மேஸ்திரி. நானும்தான்."

இனியும் படுப்பேன். வெட்கமில்லை. அக்கா சொல்லித்தந்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

எங்கள் கரையை அடித்த அன்று வானொலியில் போராளிகளின் முகாம் ஒன்றை அழித்ததாகச் சொன்னார்கள். அங்கே முகாம் இல்லை. கருவாடு இருந்தது. போனவர்களை எழுதுகிறேன். என் அக்கா மலர், பத்தொன்பது வயது. சம்மாட்டியார் வேலுப்பிள்ளை. உப்புப் போட்டுக்கொண்டிருந்த செல்லம்மா. அவள் மடியில் கிடந்த பெண் குழந்தை. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான்கு பேர். வள்ளம் மூன்று. அதில் ஒன்று எங்களுடையது. வலைகள் எல்லாம். அக்கா பாடம் சொன்ன எல்லாப் பிள்ளைகளும் பங்கருக்குள் உயிரோடு இருந்தார்கள்.

எழுதி முடித்தது கும்மிடிப்பூண்டி முகாமில். இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஆடி அமாவாசை, வியாழக்கிழமை.