வார நாள் அரிப்பு

அவள்: ...அதனால அரிப்புக்குக் காரணம் சாப்பாடு இல்ல. அந்தக் கேஸ் முடிஞ்சுது. அடுத்ததுக்கு வா.

அவன்: நீ என்ன ஜட்ஜா? தீர்ப்பே எழுதிட்ட.

அவள்: ஏழு நாளும் ஒரே சாப்பாடுதான் திங்குது. ஆனா சொறியறது திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். சாப்பாடா இருந்தா சனி ஞாயிறு மட்டும் லீவு விடுமா?

அவன்: நாய் என்ன, காலண்டர் பாத்தா சொறியும்?

அவள்: அதைத்தான் நானும் யோசிக்கறேன். டார்ச்சை இப்படிக் காட்டு... என் மூஞ்சிக்கு இல்லப்பா. பம்பரத்தோட வயித்துக்கு.

அவன்: அது சும்மா படுத்தாதானே. பம்பரம்னு பேர் வெச்சப்பவே யோசிச்சிருக்கணும். டேய், சுத்தாதடா. படு. படுன்னா... ஆங், சமத்து.

அவள்: பாரு. தொடை இடுக்கு, வயிறு, தாடைக்குக் கீழ. விரல் சந்தெல்லாம் நக்கி நக்கிப் புண்ணாக்கி வெச்சிருக்கு. பாவம்டா நீ.

அவன்: நேத்தைக்கு இன்னைக்கு பரவால்ல.

அவள்: இது பரவால்லயா? நாளான்னிக்கு சனிக்கிழமை. நாய்க் காப்பகத்துல இருந்து அந்தம்மா வராங்க, ஞாபகம் இருக்குல்ல? இதை இன்னும் நமக்கு முழுசா குடுக்கல. வெச்சிருங்க, பாத்துட்டு சொல்றோம்னுதான் குடுத்திருக்காங்க. வயிறு இந்த லட்சணத்துல இருந்தா, பாத்த கையோட வண்டியில ஏத்திட்டுப் போயிடுவாங்க.

அவன்: அவங்க கூப்பிட்டா இது போயிடுமா? என் காலை விட்டு ஒரு அடி நகராது.

அவள்: போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? நாய்க்குப் புண்ணு வர்றது தப்பில்லம்மா, ஏன் வந்துச்சுன்னு தெரியாம வெச்சிருக்கறதுதான் தப்புன்னாங்க. அப்போ சனிக்கிழமை நம்ம கையில காரணம் இருக்கணும். இருக்கும். நான் விடப்போறதில்ல.

அவன்: சரி, நானும் வரேன் உன் போலீஸ் வேலைக்கு. உண்ணி?

அவள்: மருந்து போட்டாச்சு. சீப்பு வெச்சு வாரிப் பாத்தாச்சு. ஒண்ணு கூட இல்ல.

அவன்: ஷாம்பு?

அவள்: நிறுத்தியாச்சு.

அவன்: போர்வை...

அவள்: சனி ஞாயிறும் அதே போர்வையிலதானே உருளுது.

அவன்: அப்போ புல்லு. கீழ பார்க்ல என்னமோ தெளிக்கறாங்க.

அவள்: பார்க்ல மணிக்கணக்கா புரள்றதே சனி ஞாயித்துலதான். அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குது. வேற சொல்லு.

அவன்: பால்கனி. அந்தத் தொட்டிச் செடி. இலையை மென்னு துப்பியிருக்கும்.

அவள்: அட, நல்லா சொன்ன. பகல்ல பால்கனிக் கதவு திறந்தா கிடக்குது?

அவன்: கிடக்கும், ஆனா அது பகல்ல அந்தப் பக்கமே போகாது. வெயில் ஏறினா நேரா சமையல் கட்டு மூலையில வந்து...

அவள்: வந்து?

அவன்: ...படுத்துக்கும்னு நினைக்கறேன்.

அவள்: நினைக்கற.

அவன்: நாய்ங்க அப்படித்தானே? குளுகுளுன்னு இடம் தேடும்.

அவள்: ம்.

அவன்: என்ன, ம்?

அவள்: ஒண்ணுமில்ல. நாய் சாஸ்திரம் எல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கியேன்னு பாத்தேன். சரி, ஒண்ணு செய்யலாம். ஒரு சின்ன கேமரா வாங்கி மாட்டிடலாம். பகல் முழுக்க இது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுபோயிடும்.

அவன்: கேமராவா? எதுக்கு? சும்மா... நாயோட அந்தரங்கத்துல போய்...

அவள்: நாய்க்கு என்னப்பா அந்தரங்கம்? தெருவுல அது பண்றதை ஊரே பாக்குது.

அவன்: வேணாம்மா. ரெண்டு நாளைக்காக ஒரு கேமராவா?

அவள்: அப்போ நாளைக்கு ஒரு நாள் நீ லீவு போடு. வீட்ல உக்காந்து பாத்துக்கோ.

அவன்: நாளைக்கா... நாளைக்கு முடியாதே. வெள்ளிக்கிழமைன்னா எங்க மேனேஜர் தலையில ஏறி உக்காந்துக்குவாரு.

அவள்: இன்னைக்கு எப்படி இருந்தாரு?

அவன்: யாரு?

அவள்: மேனேஜர்.

அவன்: இருந்தாரு... எப்பவும் போல. ஏய், போன் அடிக்குது பாரு.

அவள்: டாக்டர். இரு, ஸ்பீக்கர்ல போடறேன்... சொல்லுங்க டாக்டர். போட்டோ எல்லாம் வந்துச்சா?

டாக்டர்: வந்துச்சும்மா. முதுகுல எதுவும் இருக்கா?

அவள்: முதுகு பளபளன்னு இருக்கு.

டாக்டர்: காது? நாத்தம், அழுக்கு, தலையை உதறறது?

அவன்: காது சுத்தமா இருக்கு டாக்டர். காலையிலயும் மத்தியானமும் பாக்க... அதாவது, அப்பப்ப பாக்கறேன்.

டாக்டர்: நல்லது. அப்போ கேளுங்க. மேல எங்கயும் இல்ல, அடிப்பக்கம் மட்டும். முடி கம்மியா இருக்கற இடமா பாத்து சிவந்திருக்கு. இது எதையோ மிதிக்குது, அது மேலயே படுக்குது. தரையை எதைப் போட்டுத் துடைக்கறீங்க?

அவள்: அந்த நீல பாட்டில் லிக்விட்தான். சனிக்கிழமை காலையில நான் துடைப்பேன். ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி.

டாக்டர்: அதுக்கு இப்படி வராதும்மா. வார நாள்ல?

அவள்: வார நாள்ல யார் துடைக்கறா? ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். வீட்ல ஒரு ஆள் கிடையாது... கிடையாதுதானேப்பா?

அவன்: ...ஆமா.

டாக்டர்: அப்போ எனக்கே புரியல. உங்க நாய் எழுந்து தானா மாப் போடாது. சரி, இப்போதைக்குக் காலையும் வயித்தையும் வெறும் தண்ணியில கழுவுங்க, ஈரமில்லாம ஒத்தி எடுங்க. களிம்பு போட்டா கொஞ்ச நேரம் நக்க விடாதீங்க. காரணம் பிடிபடலைன்னா ஊசிக்கு வாங்க. ஆனா ஊசி அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். காரணம் வீட்லயே குத்தவெச்சு உக்காந்திருக்கும்.

அவள்: புரியுது டாக்டர். ரொம்ப நன்றி. வெச்சிடறேன்.

அவன்: ஊசியே போட்டுடலாமே? சிவப்பு போயிடும். சனிக்கிழமை தப்பிச்சிடலாம்.

அவள்: சனிக்கிழமை தப்பிச்சுட்டு திங்கக்கிழமை என்ன பண்றது? வாழ்க்கை பூரா ஊசியா? டாக்டர் வழி சொல்லிட்டாங்கப்பா. தரை. எனக்கு இப்போ தெளிவா இருக்கு. அந்த நீல பாட்டிலை எடு.

அவன்: அதுல என்ன பாக்கப்போற?

அவள்: எடேன். சிங்க்குக்கு அடியில இருக்கும்.

அவன்: ...இந்தா.

அவள்: கையில வாங்கினதுமே லேசா இருக்கு. காலி. வாரத்துக்கு ஒரு மூடி ஊத்தினா இது அடுத்த வருஷம் வரைக்கும் வரணும்.

அவன்: ஒழுகியிருக்கும்.

அவள்: அடியில தொட்டுப் பாத்தேன். காஞ்சு கிடக்கு.

அவன்: கம்பெனிக்காரன் கம்மியா ஊத்தியிருப்பான். இப்போல்லாம் பாதி காத்துதான். இதுக்கு முன்னாடி வாங்கினதும் அப்படித்தான், சட்டுன்னு...

அவள்: இதுக்கு முன்னாடி எப்போ வாங்கினோம்?

அவன்: அதை இப்படிக் குடு, குப்பையில போட்டுடறேன்.

அவள்: இது எத்தனாவது பாட்டில்ப்பா?

அவன்: ...மூணாவது.

அவள்: சரி.

அவன்: நான்தான் துடைச்சேன்.

அவள்: எப்போ?

அவன்: தினமும். நீ வர்றதுக்கு முன்னாடி.

அவள்: எவ்வளவு ஊத்தி?

அவன்: அளவெல்லாம் இல்ல. தண்ணியே கலக்கல. அப்படியே பாட்டிலைக் கவுத்து...

அவள்: ஏன்ப்பா?

அவன்: வாசனை போகணும்ல. மத்தியானம் முட்டை பொரிச்சா வீடெல்லாம் நிக்குது. நீ உள்ள வந்ததும் மோப்பம் பிடிப்ப. அப்புறம் இதைக் கூட்டிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டு வந்தா கூடம் பூரா காலடி. நாலு கால் தடம்னாகூட பரவால்ல, கூடவே ரெண்டு கால் தடம் இருக்கும். அதான் ஒண்ணு விடாம துடைச்சேன். இதுக்கு அது விளையாட்டு. ஈரத்துலயே என் பின்னாடி வரும், மாப்பைக் கடிச்சு இழுக்கும், கடைசியில அதே ஈரத்துல வயித்தைப் பரப்பிப் படுத்துக்கும்... கூடவே இருந்து பாத்துட்டிருந்தேன். எனக்கு உறைக்கவே இல்ல. நானே இதுக்கு விஷம் வெச்சிருக்கேன்.

அவள்: விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோல் காந்தியிருக்கு. இன்னையோட நிறுத்தினா ஆறிடும். முதல்ல ரெண்டு வாளி வெறும் தண்ணியில தரையை அலசு. நான் இதோட காலைக் கழுவறேன். வாடா பம்பரம்... பாத்தியா, காரணம் கிடைச்சிடும்னு சொன்னேன்ல.

அவன்: நீ கேக்கவே இல்லயே.

அவள்: எதை?

அவன்: மத்தியானத்துல முட்டை பொரிக்க நான் ஏன் வீட்ல இருந்தேன்னு.

அவள்: நீயே சொல்லு. சாவகாசமா சொல்லு. நான் எங்கயும் போகல.

அவன்: வேலை போயிடுச்சும்மா. போன மாசமே. எங்க டீமையே மூடிட்டாங்க. காலையில உன்கூட ஷூ மாட்டிட்டு இறங்குவேன், நீ பஸ் ஏறினதும் திரும்பி மேல வந்துடுவேன். அடுத்த வேலை கிடைச்சதும் ரெண்டையும் சேத்து சொல்லிடலாம்னு இருந்தேன். அங்கங்க கூப்பிட்டிருக்காங்க. கிடைச்சிடும். ஆனா...

அவள்: ஆனா?

அவன்: சனிக்கிழமை அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது? தரை மருந்துன்னு சொன்னா, யார் துடைச்சாங்க, எதுக்குத் துடைச்சாங்கன்னு கேப்பாங்க. பொண்டாட்டிக்குத் தெரியாம வீட்ல ஒளிஞ்சிருந்தேன்னா சொல்றது? வேலையில்லாதவன், அவனே நாயைப் புண்ணாக்கியிருக்கான்... அவங்களா நம்மகிட்ட இதை விடுவாங்க? கூட்டிட்டுப் போயிடுவாங்கம்மா.

அவள்: போக மாட்டாங்க.

அவன்: உனக்கென்ன, எல்லாத்தையும் அடிச்சு சொல்லுவ.

அவள்: போன வாரம் பேசினப்போ அவங்க முதல்ல கேட்டதே, நாயை நக்க விடாம பகல் பூரா பாத்துக்க வீட்ல ஆள் இருக்காங்கிறதுதான். எதிர் வீட்டக்கா என்கிட்ட சொன்னதை அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர் காலையில இருந்து கூடவே இருக்காரு, பாட்டெல்லாம் பாடித் தூங்க வைக்கறாருன்னு.